படி இறங்கச் சொன்னார்கள், ஏறி வந்தார்: வண்ணாரப்பேட்டையில் வழி தவறிய ஒரு மாலை குறித்த நிகழ்வு ஆய்வு

சென்ற ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலையில், மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மகளின் திருமணப் பத்திரிகையோடு வந்த என் சித்தப்பா, சென்ட்ரலில் மெட்ரோ ஏறிப் புது வண்ணாரப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. வழக்கமாக அரை மணியில் முடிகிற பயணம் அது. இடையில் அவர் எங்கள் சந்தின் முனையை ஒரு முறை பேருந்தில் கடந்தும் போயிருக்கிறார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆறிப்போன தோசையைத் தவிர இழப்பும் இல்லை. ஆயினும் அன்று பேசிய ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொன்னார்கள் என்பதும், அவ்வளவு சரியான சொற்கள் சேர்ந்து ஒரு மனிதரை இவ்வளவு தூரம் அலைக்கழித்தன என்பதும் என்னை விடவில்லை. அதனால் கைபேசியில் பதிவாகியிருந்த அழைப்பு நேரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு, அவர் நடந்த வழியை முதலிலிருந்து மறுபடி நடந்து பார்த்தேன். அதன் பதிவே இது.

நிகழ்வில் வருபவர்கள் நால்வர். சித்தப்பாவுக்கு வயது அறுபத்துமூன்று, விவசாயி, சென்னைக்கு வருவது இது நான்காவது முறை, தனியாக வருவது முதல் முறை. என் தாயார் இராயபுரத்தில் பிறந்து, மணமானபின் புது வண்ணாரப்பேட்டைக்கு வந்தவர். வடசென்னையை விட்டு எங்கும் வசித்ததில்லை. என் அக்காள் மகள் கல்லூரி மாணவி. வழி கேட்டால் வாய் திறக்காமல் ‘லொகேஷன்’ அனுப்புகிறவள். நான்காவது ஆள் நான். கடைசி அரை மணி நேரத்தில்தான் இதற்குள் வந்தேன்.

நடந்தது

மாலை 6.10க்குச் சித்தப்பா சென்ட்ரலிலிருந்து அழைத்து, எங்கே இறங்குவது என்று கேட்டார். “வண்ணாரப்பேட்டைல எறங்குங்க தம்பி” என்றார் அம்மா. எங்கள் வீட்டுப் பேச்சில் ‘புது’ என்ற சொல் எப்போதோ உதிர்ந்துவிட்டது. நாங்கள் இருக்கும் இடம்தான் வண்ணாரப்பேட்டை. மற்றது ‘பழைய’ வண்ணாரப்பேட்டை. மெட்ரோவின் பெயர்ப்பலகையிலோ இது நேர் எதிர். அங்கே வெறும் ‘வண்ணாரப்பேட்டை’ என்று நிற்பது பழைய பகுதி. எங்களுடையதற்குத்தான் ‘புது’ என்ற அடைமொழி உண்டு. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதை நீட்டிக்கப்பட்டபோது, இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என இரண்டு நிலையங்கள் அமைந்தன. ஆகவே சித்தப்பா சொன்ன சொல் தவறாமல் இறங்கினார். எங்கள் வீட்டுக்கு மூன்று நிலையங்கள் முன்னதாக இறங்கினார்.

இறங்குவதற்கு முன்பே அம்மா முழு வழியையும் சொல்லி முடித்திருந்தார்: “படி எறங்கி வந்தீங்கன்னா ரோடு. திருவொத்தியூர் பக்கமா ரெண்டே நிமிஷம். ஒரு டீக்கடை, ஒட்டினாப்புல மெடிக்கல், அப்புறம் புள்ளையார் கோயில். கோயில் சந்துல உள்ள வந்தா பச்சை கேட்டு.” இவ்வளவும் புது வண்ணாரப்பேட்டை நிலையத்துக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். அங்கே தண்டவாளம் தலைக்கு மேலே தூண்களில் போகிறது. பயணி படி இறங்கித்தான் சாலைக்கு வரவேண்டும். சித்தப்பா இறங்கிய வண்ணாரப்பேட்டையோ நிலத்துக்கு அடியில் உள்ள நிலையம். அங்கே படி ஏறித்தான் சாலையைப் பார்க்க முடியும்.

இந்த முரண்பாட்டை அவர் கவனிக்காமல் இல்லை. மறுநாள் அதே படியில் நின்று அவர் சொன்னது: “எறங்கணும்னு சொன்னாக, நான் ஏறி வந்தேன். ரயிலை விட்டு எறங்குறதத்தான் அப்படிச் சொல்றாக போலன்னு விட்டுட்டேன்.” அன்றைய மாலையின் எல்லாத் தவறுகளையும் தடுத்திருக்கக்கூடிய ஒரே சான்று அதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கையில் வைத்திருந்தவர் நல்ல மனத்தோடு அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து, கடந்துபோய்விட்டார்.

மேலே வந்தவருக்கு டீக்கடை கிடைத்தது. மருந்துக் கடை கிடைத்தது. சற்றுத் தள்ளிப் பிள்ளையாரும் கிடைத்தார். வடசென்னையில் எந்த நிலையத்து வாசலில் நின்று இந்த மூன்றையும் தேடினாலும் கிடைத்துவிடும் என்பதை அம்மாவும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. சந்துக்குள் போய்ப் பச்சை கேட் இல்லாததைக் கண்டு, ஒரு வீட்டுப் பெண்மணியிடம் பத்திரிகை உறையிலிருந்த முகவரியைக் காட்டியிருக்கிறார். உறையில் பழைய எண், புதிய எண் என்ற இரண்டு எண்களும் தெருவின் பெயரும் இருந்தன. அஞ்சல் குறியீடு இல்லை. அது இருந்திருந்தால், 21க்கும் 81க்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே அந்த அம்மாள் விஷயத்தைச் சொல்லியிருப்பார். பழைய வண்ணாரப்பேட்டை 600021, புது வண்ணாரப்பேட்டை 600081. “இந்தத் தெரு இங்க இல்லியே” என்ற பதிலோடு சித்தப்பா பிள்ளையாரிடம் திரும்பி வந்தார்.

மேலே என்றால் எங்கே

6.52க்கு இரண்டாவது அழைப்பு. இதை என் அக்காள் மகள் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள்.

“கோயில்கிட்டத்தான் நிக்கிறேன் மதினி. வீடு மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா?”

“மேலதான் தம்பி. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்.”

“சரி, வந்துர்றேன்.”

இருவரும் திருப்தியாகப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். சித்தப்பாவின் ஊரில் மேல்பக்கம் என்றால் மேற்கு, கீழ்ப்பக்கம் என்றால் கிழக்கு. மேற்கு, கிழக்கு என்ற சொற்களே மேல், கீழ் என்பவற்றிலிருந்து வந்தவை. மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழும் நிலத்தில் வாழ்ந்தவர்கள், நீர் ஓடும் சாய்வை வைத்தே திசைக்குப் பெயரிட்டார்கள். வாய்க்கால் பாயும் ஊரில் இது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. மதுரை நகரத்திலேயே மேல மாசி வீதி, கீழ மாசி வீதி என்று அந்த வழக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. வடசென்னையின் தட்டையான மணல் நிலத்திலோ எந்தத் தெருவும் எந்தப் பக்கமும் சாய்வதாகத் தெரியாது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இங்கே ‘மேலே’ என்றால் மாடி. வேறு பொருள் கிடையாது.

அம்மா சொன்னது உண்மை, எங்கள் வீடு முதல் மாடியில்தான். சித்தப்பா விளங்கிக்கொண்டபடி அது மேற்கு. உண்மையில் எங்கள் சந்து சாலைக்குக் கிழக்கே, கடல் பக்கம் திரும்புவது.

பிள்ளையார் பார்த்த திசை

மேற்கே போகவேண்டும் என்று முடிவு செய்தவருக்கு முதலில் மேற்கு எது என்று தெரியவேண்டும். ஊரில் இந்தக் கேள்வியே எழாது. எந்தப் படுக்கையிலிருந்து எந்த இருட்டில் எழுந்தாலும் திசை சொல்லக்கூடியவர் அவர். ஆனால் அன்று சுரங்கத்துக்குள் ரயில் எத்தனை முறை வளைந்தது என்பதும், நடைமேடையிலிருந்து மேலே வருவதற்குள் நகரும் படியும் நடைவழியும் அவரை எத்தனை முறை திருப்பின என்பதும் உடலுக்குத் தெரியாமல் போயிற்று. வெளியே வந்தபோது வானம் மூடியிருந்தது, பொழுதும் சாய்ந்துவிட்டது. அவர் சொன்னபடி, “கண்ணக் கட்டி விட்ட மாதிரி” இருந்தது.

எனவே பிள்ளையாரைக் கேட்டார். கோயில் என்றால் கிழக்குப் பார்த்திருக்கும். சுவாமியின் முகம் கிழக்கு, முதுகு மேற்கு என்பது அவர் கணக்கு. பெருங்கோயில்களுக்கு இந்தக் கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். இந்தப் பிள்ளையாருக்குப் பொருந்தவில்லை, ஏனெனில் அவர் தெருக்குத்துப் பிள்ளையார். ஒரு தெரு நேராக வந்து ஒரு வீட்டின் மதிலில் முட்டுகிற இடத்தில், அந்தக் குத்து வீட்டுக்கு ஆகாது என்று மதிலிலேயே மாடம் வைத்து அமர்த்தப்பட்டவர். அவர் பார்க்க வேண்டியது தம்மை நோக்கி வரும் தெருவை. அந்தத் தெரு எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையே அவருக்கு முகம். மறுநாள் திசைகாட்டி வைத்துப் பார்த்தபோது அவர் வடக்குப் பார்த்திருந்தார். சித்தப்பா அதைப் பார்த்து ஒரு நிமிடம் பேசவில்லை. “அப்ப நான் கும்புட்டது வடக்கயா?” என்று மட்டும் கேட்டார்.

இதன் விளைவு என்ன என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு திசை தவறியதால் மற்ற மூன்றும் அதனோடு சேர்ந்து கால் வட்டம் சுழன்றுவிட்டன. அவருடைய கிழக்கு உண்மையில் வடக்கு. அவருடைய மேற்கு உண்மையில் தெற்கு. மேற்கே போகிறேன் என்று நம்பி அவர் பன்னிரண்டு நிமிடம் பாரிமுனை இருக்கும் தெற்குப் பக்கமாக, வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தார்.

மூளை ஆய்வாளர்களுக்கு இது புதிதாக இராது. தலை ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் எலியின் மூளையில் உண்டு என்பதை 1984இல் ஜேம்ஸ் ராங்க் என்பவர் அறிவித்தார். பின்னர் நடந்த சோதனைகளில், எலி இருக்கும் வட்ட அறையின் சுவரில் ஓர் அட்டையை ஒட்டிவைத்து, எலிக்குத் தெரியாமல் அந்த அட்டையைக் கால் வட்டம் நகர்த்தினால், அந்த அணுக்கள் காட்டும் திசைகள் அனைத்தும் ஒன்றுபோலக் கால் வட்டம் நகர்ந்தன. தனித்தனியே ஒவ்வொன்றும் பிழைப்பதில்லை. நம்பிய அடையாளம் எங்கே போகிறதோ, அங்கே மொத்தத் திசையுணர்வும் போகிறது. எலிக்கு அட்டை, சித்தப்பாவுக்குப் பிள்ளையார். தற்செயலாக இரண்டு பேருக்கும் சுழற்சியின் அளவு கூட ஒன்றே.

‘பக்கம்’ என்ற சொல்

வழி சொல்லும்போது அம்மா ஒருமுறைகூட வடக்கு, தெற்கு என்று சொல்லவில்லை, முதல் அழைப்பில் சித்தப்பா “வடக்கயா, தெக்கயா?” என்று கேட்டபோது, “அதெல்லாம் எனக்குத் தெரியாது, திருவொத்தியூர் பக்கம்” என்றுதான் சொன்னார். இடப்பக்கம், வலப்பக்கம் என்றும் அவர் அதிகம் சொல்வதில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்கிறவர்களின் திசைமுறை தனியானது. ஒரு முனையில் ‘பாரிஸ்’ என்கிற பாரிமுனை, மறு முனையில் திருவொற்றியூர். குறுக்கே ஒரு பக்கம் ‘பீச்’, மறு பக்கம் ரயில்வே கேட். நான்கு திசைகளுக்கும் நான்கு இடப்பெயர்கள். சாலை வளைந்தாலும் முறை வளையாது. எந்தப் பேருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை அறிந்தவனுக்கு இதைவிடத் துல்லியமான முறை வேறில்லை. அந்த நான்கு பெயர்களும் எங்கே இருக்கின்றன என்று அறியாதவனுக்கு இதில் ஒன்றுமில்லை.

கூடவே ‘பக்கம்’ என்ற சொல்லுக்கு மூன்று வேலை. ‘திருவொற்றியூர் பக்கம் நடங்க’ என்றால் அதை நோக்கி. ‘அவர் வீடு திருவொற்றியூர் பக்கம்’ என்றால் அதன் அருகில். ‘அந்தப் பக்கம்’ என்றால் சாலையின் மறு ஓரம். அம்மா முதல் பொருளில் சொன்னதை, அலைந்து களைத்த நிலையில் சித்தப்பா இரண்டாம் பொருளில் நினைவுகூர்ந்தார். ஒரு துணிக்கடைக்காரரிடம் “திருவொற்றியூர் பக்கம் போகணும்” என்று கேட்டார். கடைக்காரர் முற்றிலும் சரியான பதிலைச் சொன்னார்: “நடக்க முடியாதுங்க, பஸ் ஏறுங்க.” பேருந்தில் நடத்துநர், “தேரடியா, பஸ் ஸ்டாண்டா?” என்று கேட்க, இரண்டில் தமக்குப் பொருள் விளங்கிய சொல்லைச் சித்தப்பா தேர்ந்தெடுத்தார். தேரடி என்றால் கோயில் இருக்கும், கோயில் என்றால் நிற்க ஓர் இடம் இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்தப் பேருந்துதான் எங்கள் சந்தின் முனையைக் கடந்து போனது.

வழியில் நிறுத்தங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அவையும் அவருக்கு உதவவில்லை. ‘அகஸ்தியா’ என்று குரல் கேட்டதும் வெளியே எட்டிப் பார்த்தால் ஓடுகிற தியேட்டர் இல்லை. அது 2020இல் மூடப்பட்டது. ‘டோல்கேட்’ என்றார்கள், சுங்கம் வாங்க ஒருவரும் நிற்கவில்லை. ‘காலடிப்பேட்டை’ என்ற பெயரில் எந்தக் காலடியும் இல்லை. நெசவாளர்களுக்காக அக்குடியிருப்பை அமைத்த ஆங்கிலேய ஆளுநர் காலெட்டின் பெயர்தான் நம் வாயில் அப்படி மாறியது. வடசென்னையின் இடப்பெயர்களில் பாதி, ஒரு காலத்தில் யாரோ யாருக்கோ சொன்ன வழிதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மூலக்கடை, கல்மண்டபம், மூலக்கொத்தளம், யானைகவுனி என்று அடுக்கிப் பாருங்கள். பொருள் போனபின்னும் பெயர் நிற்கிறது, பழகியவனுக்கு மட்டும் வழிகாட்டுகிறது.

கைபேசி சொன்னதும் அவர் நம்பாததும்

பேருந்து ஏறுவதற்கு முன், 7.10 அளவில், என் அக்காள் மகள் அவருடைய கைபேசிக்கு வீட்டின் இருப்பிடத்தை அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தபோது வரைபடம் முக்கால் மணி நேர நடை என்று காட்டியது. மதினி இரண்டு நிமிடம் என்று சொல்லியிருந்தார். முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் வசிக்கும் மதினியின் சொல்லுக்கும் ஒரு நீலப் புள்ளியின் சொல்லுக்கும் இடையில் அவர் எதை நம்பியிருப்பார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ‘செல்லு கோளாறு’ என்று முடிவு செய்தார்.

ஆனாலும் படத்தைப் பயன்படுத்த அவர் ஒரு முயற்சி செய்திருக்கிறார். அது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. படத்தின் வடக்கும் தரையின் வடக்கும் ஒன்றாக இருக்கும்படி வைத்துக்கொண்டால்தான் அதைப் படிக்க முடியும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. வயலின் வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரோடு நின்று பார்த்துப் பழகியவர் அவர்; காகிதத்தைத் தரையில் விரித்து, திருப்பி, வரப்போடு ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். அதே பழக்கத்தில் கைபேசியைத் திருப்பினார். கைபேசியோ நாம் நோக்கும் திசை எப்போதும் மேலே இருக்கும்படி படத்தைத் தானே சுழற்றும் நிலையில் இருந்தது. “நான் திருப்புனா அது திரும்பிக்கிருது. அது நிக்கிறப்ப நான் திரும்ப வேண்டியதா இருக்கு. ரெண்டு பேரும் சுத்திக்கிட்டே நின்னோம்” என்றார்.

அவருடைய உள்ளுணர்வு ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் செய்த சோதனையில், ஓர் உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்க எடுக்கும் நேரம், சுழற்ற வேண்டிய கோணம் கூடக்கூட ஒரே சீராகக் கூடியது. 1980களின் தொடக்கத்தில் மார்வின் லெவின் இதையே சுவரில் மாட்டும் ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ வகைப் படங்களுக்குப் பொருத்திப் பார்த்தார்: பார்ப்பவரின் முன்னே இருப்பது படத்தில் மேலே இருக்கவேண்டும், தலைகீழாக மாட்டிய படம், படமே இல்லாததைவிட மோசமாக ஆளைத் திசைதிருப்பும். இந்நகரில் பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பெரிய வளாகத்தில், ஒரே அச்சில் எடுத்த இரண்டு படங்களை எதிரெதிர்ச் சுவர்களில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று சரியானால் மற்றது கட்டாயம் தவறு என்பதை அச்சிட்டவரோ ஒட்டியவரோ எண்ணியதாகத் தெரியவில்லை. சித்தப்பா எண்ணியிருப்பார்.

தேரடியில் தெளிந்தது

தேரடியில் இறங்கியவருக்கு வடக்கு மாட வீதி, தெற்கு மாட வீதி என்ற பெயர்ப்பலகைகள் கண்ணில் பட்டன. கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குத் திசையால் பெயரிடும் ஊர் அவர் அறிந்த ஊர். ஒரு கணத்தில் அனைத்தும் திரும்பி நிமிர்ந்துகொண்டதாகச் சொன்னார், “தலைக்குள்ள ஏதோ படக்குனு ஒக்காந்துச்சு.” 8.05க்கு அவர் அழைத்தபோது நான் வீட்டில் இருந்தேன். வழி சொல்லத் தொடங்கிய அம்மாவின் கையிலிருந்து கைபேசியை வாங்கி நான் கேட்டது ஒன்றுதான்: “சித்தப்பா, இப்ப எதைப் பார்த்து நிக்கிறீங்க?” அதற்குப் பதில் சொன்னபின் மீதி எளிதாக இருந்தது. தேரடி மெட்ரோவில் ஏறி, தெற்கே மூன்றாவது நிலையத்தில் இறங்கி, படி இறங்கி வந்தார். சாலையில் நின்று மீண்டும் அழைத்தார். “எறங்கிட்டேன். இப்பத்தான் எறங்கச் சொன்னது வெளங்குது.”

மூன்று தாள்கள்

ஞாயிறு மதியம் மூவரிடமும் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கொடுத்து, நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி வரையச் சொன்னேன். என் அக்காள் மகள் வடக்கை மேலே வைத்து, நெடுஞ்சாலையை அளவுகோல் வைத்ததுபோல் நேராக மேல்நோக்கி இழுத்து, கடலை அதற்கு இணையாக வரைந்தாள். உண்மையில் இங்கே கரையும் சாலையும் வடகிழக்காகச் சாய்ந்தே போகின்றன. சாய்ந்ததை நினைவு நிமிர்த்திக்கொள்ளும் என்பதைப் பார்பரா ட்வெர்ஸ்கி 1981இலேயே காட்டியிருக்கிறார். தினமும் கைபேசியில் அந்தச் சாய்வைப் பார்க்கிறவளுக்கும் அது விலக்கில்லை. அம்மா சாலையைப் படுக்கைவாட்டில் வரைந்தார்: இடக்கோடியில் பாரிஸ், வலக்கோடியில் திருவொற்றியூர், நடுவே நிறுத்தங்கள் மணி கோத்ததுபோல். கடல் இல்லை. முதலில் இது எனக்குப் புதிராக இருந்தது. சந்து முனையில் சாலையைப் பார்த்து நின்றபோது விளங்கியது. அங்கே நின்றால் திருவொற்றியூர் வலப்பக்கம்தான். அவர் வரைந்தது பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவரின் கண்முன் விரியும் சாலை. சித்தப்பாவின் தாளில் மேலே கிழக்கு இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “சூரியனைப் பார்த்துத்தான நிப்போம்” என்றார்.

எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் மதுரைப் பகுதியில் தமிழ் பேசுவோரிடையே இதைத்தான் ஆராய்ந்தார். ஒரே மொழி பேசினாலும், கிராமத்தவர்கள் மேசைமேல் இருக்கும் சிறு பொருளுக்கும் வடக்கு, தெற்கு என்றே சொல்வதையும், நகரத்தவர்கள் இடம், வலம் என்பவற்றைப் பெரிதும் ஆள்வதையும் அவர் பதிவு செய்தார். சொல்லில் மட்டுமா, நினைவிலும் இந்த வேறுபாடு உண்டா என்பதைப் பார்க்க அவரும் அவருடைய குழுவினரும் கையாண்ட சோதனை மிக எளிது. வீட்டிலேயே செய்து பார்த்தேன். மேசைமேல் வரிசையாக டம்ளர், லோட்டா, கரண்டி. பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு, பின்னால் திரும்பி, மற்றொரு மேசையில் அதே வரிசையை வைக்கவேண்டும். அம்மா டம்ளரைத் தம் இடக்கைப் பக்கமே மறுபடி வைத்தார். சித்தப்பா அதை வலக்கைப் பக்கம் வைத்தார். வடக்கே இருந்தது வடக்கேயே இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஒருவர் வைத்ததைப் பார்த்து மற்றவர் சிரித்தார். ஒரு வீட்டின் இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் சனிக்கிழமை மாலை தொலைபேசியின் இரு முனைகளிலும் இருந்தவர்கள் இந்த இருவரே.

மாற்றி எழுதிய வழி

அன்று இரவே வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அனுப்ப ஒரு குறிப்பு எழுதினேன். முதல் வரியில் ‘புது’ என்பதை அடிக்கோடிட்டேன். ‘நிலையம் தலைக்கு மேலே இருக்கும், படி ஏறி வெளியே வந்தீர்களானால் அது எங்கள் நிலையம் இல்லை, உடனே அழைக்கவும்’ என்பது இரண்டாம் வரி. டீக்கடையையும் மருந்துக் கடையையும் நீக்கினேன். எங்கள் சந்து முனைப் பிள்ளையாரை விட்டுவைத்தேன், ஆனால் அவர் மேற்குப் பார்த்தவர் என்று சேர்த்தேன். திருவொற்றியூர் பக்கம் என்பதோடு வடக்கு என்றும், சாலையைக் கடக்கவேண்டுமா வேண்டாமா என்றும், வீடு கிழக்கே உள்ள சந்தில் முதல் மாடி என்றும் எழுதி, அஞ்சல் குறியீட்டில் முடித்தேன். அம்மா வாசித்துவிட்டு, “இவ்ளோ எழுதுனா யாரு படிப்பா?” என்றார்.

ஆடியில் வந்த அத்தைக்கு அதை அனுப்பினோம். அத்தை மெட்ரோவில் வரவில்லை. மூட்டுவலி என்று சென்ட்ரலிலிருந்து ஆட்டோ பிடித்தார். குறிப்பை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டியிருக்கிறார். ஆட்டோக்காரர் பிள்ளையார் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும்மா, எந்த ஸ்டாப்பு?” என்று கேட்டாராம். அது குறிப்பில் இல்லை. இப்போது, எல்லாவற்றுக்கும் மேலே, பேருந்து நிறுத்தத்தின் பெயர் இருக்கிறது.